காலுகிட்ட கேட்டுச் சொல்றேன்

பெண் பார்க்கப் போவதைப் போலவே மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதும் எங்கள் பக்கத்தில் உண்டு. போகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? வீடு எப்படி, கட்டுமரம் சொந்தமா, வலை எத்தனை, மாமியார்க்காரி முகத்தில் சிரிப்பு உண்டா என்று பார்ப்பார்கள். மீன்காரம்மா தன் மூத்த பெண்ணுக்காக நெட்டுக்குப்பத்துக்குப் போனபோது இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், அங்கே கவிழ்த்து வைத்திருந்த பெரிய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்ல தண்ணி எங்க எடுக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா கையைக் காட்ட, இவர் விறுவிறுவென்று மணலில் நடந்து, ஊற்றில் தண்ணீர் மொண்டு, நிறைகுடத்தோடு திரும்பி வந்து இறக்கி வைத்தாராம். அதுவரை இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு மொத்தக் குடும்பமும் காத்திருந்ததாம்.

"பொண்ணு குடுக்க எனுக்குச் சம்மதந்தான். ஆனா ரெண்டு நடை ஒரு பொம்பளைக்கு ஆவாது. காலைத் தண்ணி எம் பொண்ணு எடுப்பா. சாங்காலத் தண்ணி உம் புள்ள எடுத்தாரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தாராம். அந்த மாப்பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டிருந்ததாகவும் கேள்வி.

இதை எனக்கு அவரேதான் சொன்னார். சொல்லும்போது பெருமை ஒன்றும் இல்லை. வேறு எப்படித்தான் வீடு பார்ப்பார்களாம் என்கிற ஆச்சரியம்தான் இருந்தது.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில், ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். என் கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. அவருடைய அக்கா எங்களோடு இருந்தார். எனக்கு ஆசிரியைப் பயிற்சி முடித்த சான்றிதழ் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. மடியில் ஐந்து மாதப் பெண் குழந்தை இருந்தது. மீன்காரம்மா எங்களூர்க் குப்பத்துக்காரர். தினம் விடியற்காலையில் கூடையோடு எங்கள் வாசல் வழியாக ஸ்டேஷனுக்குப் போவார். ஆறரை வண்டியில் பொன்னேரி போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு, இரண்டு மணி வண்டியில் திரும்புவார். திரும்புகிற வழியில் எங்கள் வாசலில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார். அப்படி ஏற்பட்ட பழக்கம்தான்.

பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவருடைய பேத்திகள் என் வாசலில் வந்து நிற்பார்கள், அவர்கள் வாயும் இலேசுப்பட்டதல்ல. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். காலில் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. வெற்றிலை ஓயாது. கோபம் வந்துவிட்டால் அவர் வாயிலிருந்து வருவதை எந்த அச்சாபீசிலும் அடிக்கமாட்டார்கள்.

ஆனால் யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார். சந்தைக்குப் புது வழி ஒன்று இருக்கிறதாமே, அது கிட்டவா என்று கேட்டால்கூட, "காலுகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார். நாலு நாள் கழித்து, நாம் கேட்டதையே மறந்தபிறகு, வாசலில் நின்று, "கிட்டதான், ஆனா சேறு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒருமுறை கூடை முடைகிறவர் ஒருவர் எங்கள் தெருவில் வந்து கடை பரப்பினார். மீன்காரம்மா ஒரு புதுக் கூடையை எடுத்தார். பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த ஈர மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அதற்குள் போட்டார். என்னைக் கூப்பிட்டு ஒரு கை பிடிக்கச் சொல்லித் தலையில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன்வரை போய்த் திரும்பி வந்தார். கூடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மே இது அக்குருமம்! புதுக் கூடைய இப்டிப் பாழு பண்ணிட்டியே, இனிமே இத்த யாரு வாங்குவா?"

"நாந்தான் வாங்குவேன். காலிக் கூடை எல்லாம் லேசாத்தான் கீது. ரொப்பித் தூக்கினாத்தானே கயுத்த எங்க இஸ்துதுன்னு தெரியும்?"

மூன்று கூடையை இப்படி மணல் போட்டுச் சுமந்து பார்த்துவிட்டு நாலாவதை வாங்கினார். அவர் போனபிறகு நானும் என் கணவரின் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். என்னிடமே ஒரு நாள் அந்தக் கூத்து நடக்கும் என்று அப்போது தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டிக்கு மூன்று மைல் உள்ளே ஒரு கிராமம். அங்கே பெண்கள் பள்ளியில் ஒரு டீச்சர் பிரசவத்துக்கு லீவில் போகிறார், மூன்று மாதம் மட்டும் வந்து பார்க்க முடியுமா, அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும் என்று எனக்குக் கடிதம் வந்தது. தங்குவதற்கு இன்னொரு டீச்சரோடு ஓர் அறை தருவதாகத் தலைமையாசிரியை எழுதியிருந்தார். குழந்தையோடு வர வசதியில்லை என்பதையும் கீழே ஒரு வரியில் எழுதியிருந்தார்.

பயிற்சி முடித்து மூன்று வருஷமாக நான் மனுப் போடாத இடமில்லை. இப்படி லீவு வேலையை ஒழுங்காகப் பார்த்துக் கொடுத்தவர்களுக்குத்தான் நிரந்தர வேலையில் முதல் அழைப்பு. இதை விட்டால் அடுத்தது எப்போதோ, யார் கண்டது. ஆனால் என் குழந்தைக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தோம், இரண்டு தடவையும் வாந்தியும் பேதியும்தான். தாய்ப்பால், நடுவில் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர், அவ்வளவுதான் அதன் ஆகாரம். அங்கேயே தங்கினால் எனக்குப் பால் வற்றும், குழந்தை மாரை மறக்கும். தினம் போய் வந்தாலோ காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு. பதின்மூன்று மணி நேரம் ஒரு பால்குடிப் பிள்ளை தாங்குமா?

என் கணவரைக் கேட்டேன். "போகணும்னா போ, வேணாம்னா இரு" என்றார். இதைவிட உபயோகமில்லாத பதில் உலகத்தில் கிடையாது. அவருடைய அக்கா, "குழந்தையை நான் கண்ணாப் பாத்துக்குவேன். பாலுக்கு நான் எங்க போவேன், சொல்லு" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தையே எடுத்து எடுத்துப் படித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க வந்த மீன்காரம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டி, "நீங்கதான் தினம் அந்த வண்டில போறீங்களே, போகலாமா வேணாமா சொல்லுங்க" என்றேன்.

"என்னாண்ட எதுக்குக் கேக்கறே? என் காலா போவப்போவுது? வா, ஒரு நாளு போயிட்டு வந்துடலாம். நாளான்னிக்கு அமாவாசை. எனுக்கு ஏபாரம் இல்ல."

அமாவாசையன்று அவர்கள் குப்பத்தில் கட்டுமரம் கடலில் இறங்காது. அந்தக் கரை நெடுக அப்படித்தான். கடலுக்கும் ஓய்வு, கூடைக்கும் ஓய்வு. என் நாத்தனாரும், "நிறைஞ்ச அமாவாசை, நல்ல நாள்தான், போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

அன்று காலையில் வந்தவர் முதல் காரியமாக என் தோள்பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இன்னா இது, ஒண்ணியும் இல்லாம கீது. பசங்க நோட்டு திருத்த எடுத்தாருவியே, அது எம்மாம் கனம் இருக்கும்?" என்று கேட்டார். ஒரு வகுப்பு நோட்டு இருக்கும் என்றேன். உடனே வாசலோரக் கிணற்றடிக்குப் போய் ஒரு முழுச் செங்கல்லை எடுத்து வந்து பைக்குள் போட்டார்.

"செங்கல்லைத் தூக்கிக்கிட்டு நான் கும்மிடிப்பூண்டி போகணுமா? ஊர் சிரிக்கும்!" என்று கத்தினேன். எனக்கு முன்கோபம் அதிகம், இன்றைக்கும் அப்படித்தான்.

"சிரிச்சா சிரிக்கட்டும். தோளு இன்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்றார்.

குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் எங்களையும் சேர்த்து ஏழெட்டுப் பேர்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மீன்காரம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். "இத்தினி வருசமா இந்த வண்டில போயிகினு கீறேன். பலகைல குந்தறது இன்னிக்குத்தான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பேச்சுக்குள் இருந்த சங்கதி இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. எண்ணூர் தாண்டிக் கழிமுகப் பாலத்தின் மேல் போகும்போது காற்று அப்படி அடித்தது. அத்திப்பட்டில் உப்பளங்கள் வெயிலில் மின்னின. எனக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போகிற உற்சாகம் வந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஏரிக்கரை மேலேயே மூன்று மைல் நடந்தோம். பள்ளிக்கூடத்து வாசல் தெரிகிற தூரம்வரை போனோம், உள்ளே போகவில்லை. வேலையில் சேராதவள் செங்கல்லோடு உள்ளே போய் என்னவென்று சொல்லிக்கொள்வது? அடுத்த வண்டிக்கே திரும்பிவிடலாம் என்றதற்கு அவர் ஒப்பவில்லை. "பள்ளிக்கூடம் வுடற மணி அடிச்ச பிற்பாடுதான் கெளம்பணும். இல்லாங்காட்டி இன்னாத்துக்கு வந்தோம்?" என்று சொல்லிப் புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கே எனக்கு மார் கனக்க ஆரம்பித்தது. மத்தியானம் ரவிக்கை நனைந்துவிட்டது. மரத்துக்குப் பின்னால் என்னை உட்கார வைத்துத் தன் முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, "பீச்சி வுட்டுடு, கட்டிக்கப் போவுது. ரெண்டு மூணு நாளு கொதிக்கும். அப்பால அதுக்கே நேரம் தெரிஞ்சிக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தபிறகு நடந்து, ஐந்தரை வண்டியைப் பிடித்து, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். குழந்தை இரண்டு முறைதான் அழுததாம். கஞ்சித் தண்ணீர் குடித்துத் தூங்கியும் இருக்கிறது. என்னைக் கண்டதும் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு வாய் வைத்தது. மீன்காரம்மா செங்கல்லை எடுத்துக் கிணற்றடியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, "போ. தாராளமா போ. நல்லா கீது வயி" என்றார். வருகிறேன் என்று அன்றைக்கே பள்ளிக்குக் கடிதம் எழுதினேன்.

திங்கட்கிழமை காலையில் நல்ல வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் ஆட்களே தெரியவில்லை, கூடைகள்தான் தெரிந்தன. நாற்பது பெண்களாவது இருப்பார்கள். அவர்கள் நடுவில் தலையில் கூடையோடு மீன்காரம்மா. என்னைப் பார்த்தார். என் வெள்ளைப் புடவையைப் பார்த்தார். சுற்றி நின்ற தன் ஜனத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ டீச்சரம்மா! அன்னிக்கி வண்டி காலியா கீதுன்னு சந்தோசப்பட்டோமே. நாங்க வராததாலல்ல காலியா இருந்துச்சி! கூட்டமே நாங்கதாங்கறது எனுக்குத் தோணலியே!"

"கூடைக்கு மட்டும் ஈர மணல் போட்டுப் பார்க்கத் தெரிஞ்சுதே, ரயிலுக்கு என்ன போட்டுப் பார்த்தீங்க?" என்று எரிந்து விழுந்தேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது. ராயபுரத்தில் ஏறிய காசிமேட்டுக் கூடைகளால் அது ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தது. எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டிவரை ஒற்றைக் காலில் நின்றேன். யாருடைய கூடையிலிருந்தோ மீன் தண்ணீர் என் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது. அந்தக் கோலத்தில்தான் வேலையில் சேர்ந்தேன். தலைமையாசிரியை கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டே வரவேற்றார்.

சாயங்கால வண்டி அதைவிட மோசம். பொன்னேரியோடு நிற்கிறவர்கள் மத்தியானமே திரும்பிவிடுவார்கள். சூளூர்ப்பேட்டைவரை போய் விற்கிறவர்கள் இந்த வண்டியில்தான் வருவார்கள். கூடை காலி என்றால் சும்மாவா வருவார்கள்? கத்தரிக்காய், புளி, விறகுக் கட்டு, கோழி என்று பெட்டி முழுக்க அடைசல். திருவொற்றியூரில் வண்டி நின்றபோது எனக்கும் கதவுக்கும் நடுவில் ஆறு விறகுக் கட்டு கிடந்தது. கத்தினேன், அழுதேன், ஒருவருக்கும் கேட்கவில்லை. தண்டையார்பேட்டையில்தான் இறங்க முடிந்தது. அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர எட்டரை மணி ஆகிவிட்டது.

குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போய்ச் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தது. என் மார் கல்லாகக் கட்டியிருந்தது. குழந்தை வாய் வைத்துப் பார்த்தது. பால் இறங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறந்த ஐந்து மாதத்தில் முதல் முறையாக என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாத்தனார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் குழந்தை கொஞ்சம் குடித்தது. வேலைக்கு வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு மீன்காரம்மா வாசலில் நின்று கூப்பிட்டார். வெளியே போய்க் கடிதத்தைக் காட்டி, நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தேன். "உங்க பேச்சைக் கேட்டு என் குழந்தையைப் பட்டினி போட்டேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். இரண்டு ஆள் பிடித்து இறக்க வேண்டிய கூடையை அவர் ஒருவராகவே தலையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"தப்பு என்னுதுதான், நான் இல்லேங்கல. ஒரு நாளு காலியா பாத்தோம். ஒரு நாளு தனியா மாட்டிகினே. ரெண்டும் சரியான பார்வை இல்ல. இன்னிக்கி ஒரு நாளு எங்களோட சேந்து வா. இன்னிக்கும் ஆவலன்னா அந்தக் கடுதாசிய நானே தபாலாபீசுல போட்டுட்டு, உன் கொயந்த கால்ல வியுந்து கும்பிட்டுட்டுப் போறேன்."

இவ்வளவு பெரிய மனுஷி கைக்குழந்தையின் காலில் விழுகிறேன் என்றதும் எனக்குக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நாத்தனார் என் பையைக் கொண்டு வந்து தோளில் மாட்டிவிட்டார்.

பிளாட்பாரத்தில் ஏறியதும் மீன்காரம்மா ஒரு சத்தம் போட்டார். "இந்தாங்கடி, எல்லாரும் கேளுங்க. இது டீச்சரு. வூட்ல பால்குடிப் புள்ளைய வுட்டுட்டு வந்துகீது. போறச்சே கும்மிடிப்பூண்டி, வரச்சே திருவொத்தியூரு. ஞாபகம் வெச்சிக்கங்க!"

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பார்வைக்குத்தான் அது அடிதடி. உள்ளே அவர்களுக்கு ஒரு முறை உண்டு. கடைசியில் இறங்குகிறவருடைய கூடை உள்ளே ஜன்னலோரம் போகும், முதலில் இறங்குகிறவருடைய கூடை கதவோரம் நிற்கும். எந்தக் கூடை எந்த ஊர் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வரிசையில் சேராமல் நடுவில் போய் நின்றதால்தான் நான் முந்தின நாள் நசுங்கினேன். இப்போது என்னையும் ஒரு கூடையாகச் சேர்த்துக்கொண்டார்கள். "கும்மிடிப்பூண்டிக் கூடை ஒண்ணு வருது, வயி வுடு!" என்று ஒருத்தி கத்த, ஆளுக்கு ஒரு கை கொடுத்து என்னை உள்ளே தள்ளி ஜன்னலோரம் சேர்த்துவிட்டார்கள். பலகையில் இடம் இல்லை. திரும்பும்போது சாமான் போட்டு வர யாரோ எடுத்து வந்த காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து மூன்று மாதம் அந்தப் பெட்டியில் எனக்குக் கூடை என்றே பெயர்.

அன்று மாலை திரும்பும்போது பொன்னேரி பிளாட்பாரத்தில் மீன்காரம்மா நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு மணி வண்டியில போகலையா?" என்று கேட்டேன். கருவாடு கொஞ்சம் விற்காமல் நின்றுவிட்டது என்றார். ஏறியதும் என்னைக் கதவோரம் நகர்த்தினார். திருவொற்றியூரில் முதலில் இறங்கியது நான்தான். மறுநாளும் நின்றார், யாரோ வரச் சொன்னார்களாம். அதற்கடுத்த நாள் கால் வலியாம். இரண்டு வாரம் இப்படித் தினம் ஒரு பொய் சொன்னபிறகு, இன்னொரு பெண்தான் உடைத்தாள். அந்தம்மா பன்னிரண்டு மணிக்கே விற்று முடித்துவிட்டு ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் சாயங்காலம்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறாராம்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? வீட்டில உலை வைக்க வேணாமா?" என்று சண்டை போட்டேன்.

"எம் புருசன் வெச்சிப் பயகட்டும்" என்றார். அதோடு சரி. அந்த மூன்று மாதமும் அந்த மனுஷர்தான் உலை வைத்தார்.

இடையில் அமாவாசைகள் வந்தன. வண்டி காலியாக ஓடியது. அந்த நாட்களிலும் மாலை ஏழு மணிக்குத் திருவொற்றியூர் பிளாட்பாரத்தில், கூடையில்லாத வெறுங்கையோடு அவர் நின்றார்.

ஸ்டேஷனிலிருந்து தெருமுனை திரும்பும்போதே, "ஏ குட்டி! உங்காத்தா வந்துட்டாடி!" என்று ஒரு குரல் கொடுப்பார். தெருவே திரும்பிப் பார்க்கும். நான் உள்ளே ஓடிக் கையைக் கழுவிக் குழந்தையை எடுப்பேன். அவர் வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். தண்ணீருக்குத்தான் நிற்கிறார் என்று நினைத்து நாத்தனார் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுப்பார். குடித்துவிட்டும் நிற்பார். "குடிக்குதா?" என்று கேட்பார். குடிக்கிறது என்றால், "அப்ப வர்றேன்" என்று போய்விடுவார். ஒரு நாள் தவறியதில்லை. மழையிலும் நின்றார்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன், தினம் இதை எதற்குப் பார்க்கிறீர்கள் என்று. சொம்பைப் படியில் வைத்தார்.

"எம் பெரிய பொண்ணுக்கு நாலு மாசம் இருக்கச்சே நான் கூடை தூக்கிட்டேன். தூக்கித்தான் ஆவணும். பத்து நாளு கயிச்சி ஒரு நாளு வாய் வெக்கச்சொல்ல மூஞ்சியத் திருப்பிகிச்சி. அப்பால வெக்கவே இல்ல. அடுத்த ரெண்டும் அப்டித்தான் டீச்சரம்மா. பாலு ரயில்ல போவும், புள்ள வூட்ல கெடக்கும். ஒரு நாளு போயிப் பாத்துட்டு அப்பால கூடை தூக்கலாம்னு அப்ப எனுக்கு யாரு சொன்னா? நாம்பாட்டுக்குப் போயிட்டேன்."

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. தலைமையாசிரியை நல்ல சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் மாற்றுப் புடவை ஒன்று வைத்துக்கொண்டதிலிருந்து அவர் மூக்கை மூடுவதை விட்டிருந்தார். அடுத்த வருஷம் எனக்கு நிரந்தர வேலை வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தேன். நான் உண்ட சோறும் என் மகள் படித்த படிப்பும் அந்த வேலையில் வந்தவைதான். அந்த வேலை எனக்கு எப்படி நிலைத்தது என்பது ஆறரை வண்டியில் போன பெண்களுக்குத் தெரியும். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதுவரை சனிக்கிழமையும் பள்ளி உண்டு, ஞாயிறு மட்டும்தான் எனக்கு வீடு, அன்று அவரும் இரண்டு மணி வண்டியிலேயே வந்துவிடுவார். மறுநாள் சனிக்கிழமை முழுக்க நான் வீட்டில் இருந்தேன். எட்டு மாதக் குழந்தை என் மடியை விட்டு இறங்கவில்லை. தோன்றியபோதெல்லாம் குடித்தது. மீன்காரம்மா இனிப் பழையபடி இரண்டு மணி வண்டியில் வந்துவிடுவார் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை.

ஏழு மணி ஆயிற்று. தெருமுனையில் அதே குரல். "ஏ குட்டி!" என்று ஆரம்பித்தவர், மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். ஆத்தாள்தான் காலையிலிருந்து வீட்டில் இருக்கிறாளே!

பாயில் உட்கார்ந்திருந்த குழந்தை சட்டென்று நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்த என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துத் தவழ்ந்தது, அப்படி ஒரு வேகம். படி தாண்டி விழுந்துவிடப் போகிறதே என்று மீன்காரம்மா தலைக் கூடையை அப்படியே கீழே போட்டுவிட்டு, முதல் முறையாகப் படியேறி உள்ளே வந்து வாரி எடுத்தார். எடுத்த கையோடு குழந்தை அவர் மாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்த மீன் வாடைப் புடவைமேல் வாயைத் திறந்து திறந்து தேடியது. மூன்று மாதமாக அந்தக் குரல் கேட்டால் பால் வரும் என்பதுதானே அதற்குத் தெரியும்?

"அய்ய! இன்னாடி பண்றே? என்னாண்ட இன்னா கீது உனுக்கு?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையோடு பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "டீச்சரம்மா, வாய் வெக்குது பாரு" என்றார்.

குழந்தையை வாங்க எழுந்த நாத்தனாரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அது தானாக என்னைத் தேடுகிறவரை இருக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் விளக்கேற்ற உள்ளே போனோம்.